அதை என்னுடையது என்றேன்

கோயிலில் யாராவது என் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், வடக்கே படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவேன். வடக்கு என்றால் இத்தாலியின் வடக்கு, மலைப்பக்கம். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அங்கே அவள் பள்ளிக்கூடமும் போனாள். ஆனால் அவள் போனது படிப்பதற்காக இல்லை, விளையாடுவதற்காக. அவளுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. அவள் விளையாடுவதை நான் ஒருமுறையாவது நேரில் பார்த்தது கிடையாது. பார்க்க விடு என்று கேட்கும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்க எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் கேர்லிங். நீளமான ஐஸ் தரையில் ஒரு கல்லை வழுக்கி விடுவார்கள். கல் இருபது கிலோ வரும். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலுக்கு இருப்பதுபோல மேலே ஒரு கைப்பிடி. மறு முனையில் ஐஸுக்குள் வட்டம் போட்டிருக்கும். யாருடைய கல் வட்டத்தின் நடுவுக்குக் கிட்டப் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. கல் ஓடும்போது அதற்கு முன்னால் இரண்டு பேர் குனிந்தபடி, தரை கூட்டுகிற தும்புத்தடி மாதிரி ஒன்றால் ஐஸைத் தேய்த்துத் தேய்த்து ஓடுவார்கள். தேய்க்கிற இடத்தில் ஐஸ் கொஞ்சம் இளகும், கல் கூடத் தூரம் போகும், அவ்வளவு வளையாமல் நேராகவும் போகும். என் மகளும் கல் விடுவாள். ஆனால் அவளைத் தேடி வந்து குழுவில் சேர்த்தது அந்தத் தேய்ப்புக்காகத்தான். அவளைப்போலத் தேய்க்கிற பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று அவளுடைய பயிற்சியாளர் சொன்னாராம். கேட்டதும் என் காது சுட்டது.

நான் ஊரைவிட்டு, இத்தாலியின் தெற்குத் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். அதில் இருபத்தாறு வருடம் லிபெர்த்தாத் தெருவில் ஒரே வீட்டில் வேலை. நான்காம் மாடி, ஏழு அறை, எல்லாம் பழைய பளிங்குத் தரை. காலையில் கூட்டி, பிறகு துடைத்து, பால்கனி கழுவி, படிக்கட்டில் எங்கள் மாடிக்கு உரிய பங்கையும் தேய்த்துவிட்டு இறங்குவேன். என் முழங்காலும் முதுகும் அந்தத் தரைக்குத்தான் போயின. கலியாணமாகிப் பதினேழு வருடம் கழித்து, எனக்கு நாற்பத்துநான்கு வயதில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இந்தக் கையில் தும்புத்தடி ஏறக்கூடாது என்று நினைத்தேன். நேர்த்திக்கடன் என்று சொல்ல முடியாது. ஆனால் நேர்த்தியைவிடக் கண்டிப்பாக அதைக் காப்பாற்றினேன். வீட்டில் அவள் தன் அறையைக் கூட்டப் போனால்கூடப் பறித்துவிடுவேன். என் கணவர் ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், கொஞ்சம் பகிடிக்காரர். இளவரசியின் கால் நிலத்தில் படாமல் கம்பளம் விரிக்கட்டோ என்று கேட்பார்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் மண்டபத்தில் நீளமான பிளாஸ்திக் விரிப்பை விரித்து, அடியில் சில்லுப் பூட்டிய கற்களைத் தள்ளிவிடப் பழக்கினார். அவர் வடக்கிலிருந்து வந்தவர். என் மகளுக்குக் கண் அளவு நல்லது, எவ்வளவு தள்ளினால் எங்கே நிற்கும் என்று பார்த்தவுடன் தெரிகிறது என்றார். அடுத்த குளிர்காலம் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை வடக்கே போனார். அங்கே உண்மையான ஐஸ். அங்கிருந்து மகள் தகப்பனுடைய போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அவர் அதைச் சமைத்துக்கொண்டு நின்ற என்னிடம் குசினிக்குள் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

முதுகை வளைத்து, இரண்டு கையாலும் தடியை அழுத்தி, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்துக்கொண்டு ஓடினாள். நான் தேய்ப்பது போலவே. ஒரு தோள் மற்றத் தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதுவும் என்னைப்போலத்தான். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அவளுக்குக் கத்திக் கத்திக் கட்டளை போட்டார்கள். அந்த விளையாட்டில் அது வழக்கமாம். எனக்கு அது அப்போது தெரியாது.

வெட்கத்தோடு வெட்கமாக அதை நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கும் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நல்ல மனுசி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். உன் கைகள் அப்படியே அவளுக்கு வந்திருக்கின்றன, வீட்டில் நீதானே பழக்கியிருப்பாய் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டு, குளியலறையைக் கழுவப் போகிறேன் என்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏற்கனவே கழுவிய குளியலறைதான். மறுபடியும் கழுவினேன்.

அதன் பிறகு மூன்று வருடம் அவள் வடக்குக்கும் பலெர்மோவுக்குமாகப் போய்வந்தாள். அவர்கள் அவளுக்கு ஒரு தடியும் ஒரு சோடிச் சப்பாத்தும் கொடுத்திருந்தார்கள். சப்பாத்தில் ஒன்றின் அடி கண்ணாடிபோல வழுக்கும், மற்றதன் அடி பிடிக்கும். அந்த இரண்டையும் நான் வீட்டுக்குள் வைக்க விடவில்லை. எங்கள் வீட்டில் சாமிப்படம் சாப்பாட்டு மேசைக்கு மேலேதான் இருக்கிறது, வேறு இடம் கிடையாது. அதனால் பால்கனியில், என் மொப்புக்கும் வாளிக்கும் பக்கத்தில் வைத்தேன். அவள் உள்ளே எடுத்து வருவாள். நான் திரும்ப வெளியே வைப்பேன். ஒருமுறை சூடான தெற்குக் காற்று அடித்து மண் எல்லாம் தடியின் துணி சுற்றிய முனையில் படிந்து, அதோடு ஐஸில் இறங்கிய பிள்ளை நல்ல ஏச்சு வாங்கினாள். ஒரு தூசி போதுமாம், கல் திசை மாறிவிடும். அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், நிமிரவில்லை.

அவளுக்குப் பதினாறு நடந்த வருடம், நவராத்திரி முடிந்து ஒன்பதாம் நாள் வடக்கே ஒரு தெரிவுப் போட்டி இருந்தது. அதில் தேறினால் அங்கேயே தங்கி, இளையோர் குழுவில் விளையாடலாம். தேறாவிட்டால் அதோடு சரி. இங்கே பலெர்மோவில் அந்த விளையாட்டுக்கு ஐஸ் கிடையாது.

எங்கள் கோயில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால், முன்பு சாமான் கிடங்காக இருந்த ஒரு மண்டபம். சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகள் புத்தகம், கொப்பி, வயலின், கொம்பியூட்டர் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். பெரியவர்கள் தங்கள் தொழில் சாமானை வைப்பார்கள். விஜயதசமி காலையில் ஐயர் சந்தனம் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். பூசைக்கு முதல் நாள் மகள் என்னிடம் கேட்டாள்.

"அம்மா, நான் என்னத்தை வைக்கிறது?"

"உன்ரை பள்ளிக்கூடப் புத்தகத்தை வை."

"அதிலை நான் கெட்டிக்காரி இல்லையே. நான் கெட்டிக்காரியாய் இருக்கிறதை வைக்கட்டே?"

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. தும்புத்தடியும் சப்பாத்தும் சாமிக்கு முன்னால் வைக்கிற சாமானா என்று கேட்டேன். செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுப் போகிற இடத்தில் சப்பாத்தா என்றேன். கணவர் தன்னுடைய மரக்கிளை நறுக்குகிற கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார், பூசைக்கு வைக்கத்தான்.

"என்ரை கத்தரிக்கோலுக்கு ஒரு ஞாயம், அவளின்ரை தடிக்கு ஒரு ஞாயமோ?" என்றார்.

பூசையன்று அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள் என்றுதான் நினைத்தேன்.

விஜயதசமி காலை. மண்டபம் நிறைந்த சனம். எங்கள் ஊர் ஆட்களும் மொரிசியஸ் ஆட்களும். கட்டிவைத்த சாமான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஐயரிடம் கொடுத்தவர் கடைக்கார அக்கா. பல்லரோவில் அரிசி, தூள், கருவாடு விற்கிற கடை அவருடையது. என்னைவிட நாலு வயது மூப்பு. கோயிலில் ஒன்றும் அவரைக் கேட்காமல் நடக்காது. அவர் கையில் ஒரு நீளமான பொட்டலம் வந்தது. என் மகள் சின்ன வயதில் உடுத்த சிவப்புப் பட்டுப்பாவாடையால் சுற்றியிருந்தது.  அக்கா துணியை விரித்தார். தடியும் சப்பாத்துச் சோடியும். சப்பாத்தின் அடியைக்கூட மகள் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். 

"ஆரின்ரை இது?" என்று ஐயர் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. எல்லாச் சாமானுக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் ஒரு அடி முன்னுக்கு வந்து வலது கையை நீட்டினாள். வாய் திறக்கவும் தொடங்கினாள்.

"என்ரை, ஐயா," என்றேன் நான். "வேலைக்குக் கொண்டுபோறது. சாமானோடை மாறி வந்திட்டுது."

சனத்துக்கு நடுவில் நான் அவ்வளவு உரத்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயர் தடியை வாங்கி, தொழில் சாமான்தானே அம்மா, அதில் என்ன குறை என்று சொல்லி, கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவோடு என் கையில் தந்தார். மகளின் கை இன்னும் அப்படியே நீட்டியபடி இருந்தது. அவளைத் தாண்டித்தான் நான் அதை வாங்கினேன்.

பிள்ளையை வெட்கத்திலிருந்து காப்பாற்றினேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அங்கே ஒரு வெட்கமும் இருக்கவில்லை. பாவாடையில் சுற்றிச் சாமிக்கு முன்னால் வைத்த பிள்ளைக்கு என்ன வெட்கம்? வெட்கம் என்னுடையது. என்னுடையது என்று நான் சொன்னதில் அது மட்டும்தான் உண்மை.

வீட்டுக்கு வரும்வரை அவள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். வந்ததும் ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"நான் கையை நீட்டினதைக் கண்டனீங்களோ, அம்மா?"

"இல்லை," என்றேன்.

தெரிவில் தேறினாள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி மிச்சப் படிப்பையும் முடித்தாள். முதல் வருடம் மேலதிக ஆளாக, ஆட இறங்காமல், வெளி வாங்கில் இருந்தாள். அடுத்த வருடம் இரண்டாவது கல் விடுகிற இடம் கிடைத்தது. இளையோர் போட்டியில் ஒருமுறை வெண்கலம். இதெல்லாம் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பாள். என்னோடு கதைக்கும்போது சாப்பாடும் காலநிலையும் என் முழங்காலும்தான். பிறகு அப்பாவிடம் கொடுங்கோ என்பாள். அவரிடம் அரை மணித்தியாலம். நான் குசினியில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்று கேட்பேன். சிரித்துச் சிரித்துக் கதைப்பாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு இருக்கிறது என்பதே எனக்குக் குழாயை மூடித்தான் தெரியும்.

கோயிலிலோ வடக்கே என்ன படிக்கிறாள் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் கடைக்கார அக்கா, நர்ஸ் படிப்போ என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அவரே சொல்லித் தந்த பொய். எனக்கு இல்லையென்று சொல்லச் சோம்பல் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இரத்தம் சோதித்த கடதாசி.

"பிள்ளை, நீ நர்சுக்குப் படிக்கிறியாம். இதிலை சீனி கூடவோ எண்டு ஒருக்காப் பார்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அவள் கடதாசியை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். சீனி கொஞ்சம் எல்லையைத் தாண்டி இருக்கிறது, தனக்கு இதெல்லாம் சொல்ல உரிமை இல்லை, இந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டுங்கோ மாமி என்றாள். அக்கா அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"பயப்பிடாதேங்கோ. நான் உங்களைக் காட்டிக்குடுக்கமாட்டன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சென்ற வருடம் அவளுடைய குழு மேல் பிரிவுக்கு ஏறியது. அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அரைநாள் வேலை, மிச்ச நேரம் பயிற்சி. கணவர் வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்தக் கார்த்திகையில் அவர் போக ஆயத்தப்படுத்தும்போது, நானும் வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். நீரே கேளும், நான் தபால்காரன் இல்லை என்றார்.

கேட்டேன். 

"வாங்கோ. ஆனால் கோயிலிலை எங்கை போனனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்க, அவள் ஏசாமல், சாப்பிட்டீங்களோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து வேலை முடிந்து நேரே பல்லரோவுக்குப் போனேன். அக்காவின் கடையில் அப்போது மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் எங்கள் கோயில் ஆட்கள், ஒருவர் மொரிசியஸ் மனுசி. ஆட்கள் போகட்டும் என்று பருப்புச் சாக்குக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். பிறகு, ஆட்கள் போனபின் சொன்னால் அது சொன்னதாகாது என்று பட்டது. அக்கா தராசில் அரிசி கொட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ரை மகள் நர்சுக்குப் படிக்கேல்லை. ஐஸிலை கல்லு விட்டுக் கூட்டிற விளையாட்டு விளையாடுறாள். அண்டைக்குக் கோயிலிலை இருந்த தடியும் சப்பாத்தும் அவளின்ரை. என்ரை எண்டு நான் பொய் சொன்னனான்."

 அக்கா அரிசிப் பையை முடிந்து, நின்றவரிடம் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும் தங்கச்சி. என்ரை மருமகள் போனிலை காட்டினவள், அவளின்ரை ஆட்டத்தை."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீ மறைக்கிறாய். நாங்கள் என்னெண்டு கேக்கிறது?" என்றார். பிறகு வாய் சிரிப்பில் கோணியது. "தடியை விடு. அந்தச் சப்பாத்து ஒண்டுக்குள்ளையே உன்ரை ரெண்டு காலும் போயிடும். அண்டைக்கே கண்டனாங்கள்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் கணக்குப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. இத்தனை வருடமும் நான் வடக்கே படிக்கிறாள் என்று சொல்ல, ஒரு கோயில் சனம் முழுவதும் எனக்காகத் தலையாட்டியிருக்கிறது. நத்தாருக்கு அந்தக் கடதாசியைக் கொண்டுவந்தபோதும் தெரியுமா என்று அக்காவிடம் கேட்கத் துணிவு வரவில்லை. ஒளித்துவைத்தது ஒருவரிடமும் ஒளியவில்லை. அது சுட்டது என் மகள் ஒருத்தியைத்தான்.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் போன் எடுத்துச் சொன்னேன். அவள் குறுக்கே கதைக்காமல் கேட்டாள்.

"கடையிலை ஆர் ஆர் நிண்டவை?"

சொன்னேன்.

"என்னெண்டு சொன்னனீங்கள்? அப்பிடியே சொல்லுங்கோ."

ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். கோயிலில் கையை நீட்டியதைக் கண்டதையும் சொன்னேன். இல்லை என்று சொன்னது பொய் என்றேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா, இந்த முறை வேண்டாம். முக்கியமான ஆட்டம். நீங்கள் வந்து இருந்தால் நான் உங்கடை முகத்தைத்தான் பாப்பன், ஐஸைப் பாக்கமாட்டன். நான் யோசிச்சுச் சொல்லுறன்."

சரி என்றேன். அவளுக்கு என்னோடு வேறு என்ன கதைப்பது என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை. கடைசியில், தோள் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டாள். தேய்த்துத் தேய்த்து வலது தோள் இரவில் குத்துகிறதாம். இருபத்தாறு வருடம் அதே தோளை வைத்துக்கொண்டு வேலை செய்தவள் நான். சொன்னேன், எண்ணெயைச் சூடாக்கும் விதத்தையும், தடியை மாற்றிப் பிடிக்கும் விதத்தையும். பிடிக்கும் விதத்தை அவள் இரண்டாம் தரமும் கேட்டாள்.

நாளைக் காலையில் கணவர் விமானம் ஏறுகிறார். அவருடைய கம்பளிச் சட்டை இரண்டையும் மடித்துப் பையில் வைத்தேன். எண்ணெய்ப் போத்தலைத் துவாயில் சுற்றி நடுவில் வைத்தேன். நீர் வரவில்லையோ என்று அவர் மறுபடியும் கேட்டார். இந்த முறை இல்லை, அடுத்த முறைக்கு அவள் இன்னும் சொல்லவில்லை என்றேன்.